அறுபதாயிரம் பொதிகளில் நமக்கு வேண்டியதைத் தேடுவது எப்படி?

கணினி ஆய்வகத்திற்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் பாடவேளை நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். வரிசையில் வந்து அமரவும் கணினிகள் இயங்கவும் பத்து நிமிடம் போய்விடும். மீதியுள்ள நேரத்தில் தனிம அட்டவணையைக் காட்ட ஒரு மென்பொருள், கோணங்களை அளக்க ஒரு மென்பொருள் என்று தேட ஆரம்பித்தால் மணி அடித்துவிடும். அதனால்தான் பல பள்ளிகளில் லினக்ஸ் உள்ள கணினிகள் தட்டச்சுப் பழகவும் படம் வரையவும் மட்டுமே பயன்படுகின்றன. மென்பொருள் இல்லாதது இதற்குக் காரணமில்லை. ஆயிரக்கணக்கில் இலவசமாகவே இருக்கின்றன. அவற்றில் நமக்கு வேண்டியதை விரைவாகக் கண்டுபிடிக்கும் வழி நம் கையில் இல்லை என்பதே காரணம். அந்த வழிகளை இக்கட்டுரையில் விளக்குகிறேன். அவற்றின் பின்னால் உள்ள கருத்து, கணினியே இல்லாத வகுப்பறையிலும் கற்பிக்கத் தக்கது.

லினக்ஸ் நம் மாநிலத்திற்குப் புதிதன்று. எல்காட் நிறுவனம் 2007-ஆம் ஆண்டு வாக்கிலேயே சூசே லினக்ஸைப் பயன்படுத்தத் தொடங்கியது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட பல மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய லினக்ஸ். பள்ளிகளுக்கென்றே எடுபாஸ் என்ற வடிவமும் உண்டு. மேல்நிலை முதலாம் ஆண்டுக் கணினி அறிவியல் பாடநூல் விண்டோஸுடன் உபுண்டு லினக்ஸையும் அறிமுகம் செய்கிறது. அண்டை மாநிலமான கேரளத்தில் கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸைப் பள்ளிகளுக்கு வழங்குகிறது. பாஸ், உபுண்டு இரண்டுமே டெபியன் என்ற ஒரே தாயின் பிள்ளைகள். ஆகவே கீழே சொல்லும் வழிகள் இவை எல்லாவற்றிற்கும் பெரும்பாலும் பொருந்தும்.

பொதி என்றால் என்ன?

டெபியன் குடும்பத்தில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாக, அதாவது பேக்கேஜாகக் கட்டிவைக்கப்படுகிறது. பொதிகள் எல்லாம் இருக்கும் இடம் களஞ்சியம். ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பெயர், ஒரு வரிச் சுருக்க விளக்கம், சற்றே நீண்ட விளக்கம், அது இயங்கத் தேவையான பிற பொதிகளின் பட்டியல் ஆகியவை உண்டு. 2023-இல் வெளிவந்த டெபியன் 12-ஆம் பதிப்பில் மொத்தம் 64,419 பொதிகள் இருந்தன.

இங்கே ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பொதிகள் களஞ்சியத்தில், அதாவது இணையத்தில் இருக்கின்றன. ஆனால் பொதிகளின் பட்டியல் நம் கணினியிலேயே சேமிக்கப்பட்டிருக்கிறது. 'ஏபிடி அப்டேட்' என்ற கட்டளையைக் கொடுக்கும்போது அந்தப் பட்டியல் புதுப்பிக்கப்படும். எனவே தேடுவதற்கு இணையம் தேவையில்லை, நிறுவுவதற்குத்தான் தேவை. எங்கள் வெம்பாக்கம் பகுதியில் இணைய வேகம் குறையும் நாள்களில் தேடிப் பட்டியல் எழுதி வைத்துக்கொள்கிறோம். வேகம் கிடைக்கும் நாளில் நிறுவிக்கொள்கிறோம்.

(கட்டளைகளை ஒலிப்பு வடிவில் தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினல் எனப்படும் முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.)

வழக்கமான தேடல் ஏன் தடுமாறுகிறது?

'ஏபிடி சர்ச்' என்று எழுதி, ஒரு சொல்லைச் சேர்த்துக் கொடுத்தால் கணினி பட்டியலைத் திறந்து, முதல் பொதி முதல் கடைசிப் பொதி வரை ஒவ்வொன்றின் பெயரிலும் விளக்கத்திலும் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்க்கும். இது மேல்நிலை வகுப்பில் நாம் நடத்தும் வரிசைமுறைத் தேடல்தான். புதிய கணினிகளில் இது பெரிய சுமையாகத் தெரியாது. நம் ஆய்வகங்களில் உள்ள பழைய கணினிகளில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

நேரத்தைவிடப் பெரிய தொல்லை இரைச்சல். இந்தக் கட்டளை சொல்லைச் சொல்லாகப் பார்ப்பதில்லை, எழுத்துத் தொடராகப் பார்க்கிறது. வேதியியல் பாடத்திற்காக அயனியைக் குறிக்கும் 'அயான்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடிப் பாருங்கள். அந்த மூன்று எழுத்துகள் 'வெர்ஷன்', 'அப்ளிகேஷன்', 'ஃபங்ஷன்' ஆகிய சொற்களின் கடைசியிலும் வருகின்றன. மென்பொருள் விளக்கங்களில் இச்சொற்கள் இல்லாத பக்கமே இருக்காது. திரை நிற்காமல் ஓடும். விடையும் எது பொருத்தமானது என்ற வரிசையில் வராது, அகரவரிசையில் வரும். நமக்கு வேண்டிய பொதி ஆயிரம் பெயர்களுக்கு நடுவே எங்கோ கிடக்கும்.

நிகண்டிலிருந்து அகராதிக்கு

இதே சிக்கலைத் தமிழ் முன்பே சந்தித்துத் தீர்த்திருக்கிறது. சேந்தன் திவாகரம் போன்ற நிகண்டுகள் செய்யுளில் அமைந்தவை. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று தொகுதி தொகுதியாகச் சொற்கள் அடுக்கப்பட்டிருக்கும். மனப்பாடம் செய்தவருக்கு அது எளிது. மற்றவர் ஒரு சொல்லைக் காண வேண்டுமானால் அது எந்தத் தொகுதி என்று ஊகித்து, அத்தொகுதி முழுவதையும் படிக்க வேண்டும். 1594-இல் சிதம்பரம் இரேவண சித்தர் அகராதி நிகண்டு இயற்றினார். அதில் சொற்கள் முதலெழுத்தின் வரிசையில் வந்தன. 1732-இல் வீரமாமுனிவரின் சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகளாக அமைந்தது. அதன் பெயரகராதியில் சொல்லைக் கொண்டு பொருளைக் காணலாம். பொருளகராதியில் பொருளைக் கொண்டு அதற்குரிய பெயர்களைக் காணலாம்.

வரிசைப்படுத்துவதால் எவ்வளவு மிச்சமாகிறது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். வரிசைப்படுத்தாத 64,419 பெயர்களில் ஒன்றைத் தேடினால் கடைசி வரை பார்க்க நேரிடலாம். அகரவரிசையில் இருந்தால், நடுப்பெயரைப் பார்த்துப் பாதியை ஒதுக்கி, மீண்டும் நடுவைப் பார்த்துப் பாதியை ஒதுக்கி என்று போனால் அதிகபட்சம் 16 முறை பார்த்தால் போதும். பன்னிரண்டாம் வகுப்பில் வரும் இருமத் தேடல் இதுவே.

இதற்கும் அடுத்த படி சொல்லடைவு. சங்க இலக்கியத்திற்கும் திருக்குறளுக்கும் அறிஞர்கள் தயாரித்த சொல்லடைவுகளை நாம் அறிவோம். நூல் பாட்டு வரிசையில் போகும். சொல்லடைவோ ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பாட்டில் வருகிறது என்று காட்டும். ஒருமுறை உழைத்துத் தயாரித்துவிட்டால் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் நொடியில் தேடலாம். வேகமான மென்பொருள் தேடல் கருவிகள் அனைத்தும் செய்வது இதைத்தான். பொதிகளின் விளக்கங்களுக்கு முன்கூட்டியே ஒரு சொல்லடைவு தயாரித்து வைத்துக்கொள்கின்றன.

விரைவான நான்கு வழிகள்

1. பெயர் மட்டும் தேடுதல். மென்பொருளின் பெயர் ஓரளவு தெரியுமானால் விளக்கங்களைப் புரட்டவே வேண்டியதில்லை. 'ஏபிடி சர்ச்' கட்டளையுடன் 'நேம்ஸ்-ஒன்லி' என்ற தெரிவை, அதற்கு முன் இரண்டு சிறுகோடுகள் இட்டுச் சேர்த்தால் பெயர்களில் மட்டும் தேடும். இது பெயரகராதி போன்றது. இதன் குறையும் அதுவே. தனிம அட்டவணையைக் காட்டும் அருமையான மென்பொருளின் பெயர் கால்சியம். விண்மீன்களைக் காட்டுவதன் பெயர் ஸ்டெல்லேரியம். 'கெமிஸ்ட்ரி', 'அஸ்ட்ரானமி' என்ற சொற்கள் இந்தப் பெயர்களில் இல்லை. பெயர் தெரியாதவருக்குப் பொருளகராதிதான் வேண்டும்.

2. சொல்லடைவு வழித் தேடல். 'ஏபிடி-சேப்பியன்-இண்டெக்ஸ்' என்ற பொதி உங்கள் பதிப்பின் களஞ்சியத்தில் இருந்தால் நிறுவிக்கொள்ளுங்கள். அது எல்லாப் பொதிகளின் விளக்கங்களுக்கும் சொல்லடைவு தயாரிக்கும். பிறகு 'ஏஎக்ஸ்ஐ-கேஷ் சர்ச்' என்று எழுதி, சொல்லைச் சேர்த்துக் கொடுத்தால் விடை உடனே வரும். பொருத்தம் மிகுந்தவை முதலில் வரும். இதில் 'அயான்' என்று தேடினால் அது தனிச்சொல்லாக வரும் பொதிகளையே காட்டும். ஒரே வேரிலிருந்து பிறந்த ஆங்கிலச் சொற்களைச் சேர்த்தும் பார்க்கும். அடுத்த பக்க விடைகளுக்கு 'ஏஎக்ஸ்ஐ-கேஷ் மோர்' என்று கொடுத்தால் போதும்.

பொருத்தத்தை எப்படி அளக்கிறது? 1972-இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் எளிய கருத்து ஒன்றை முன்வைத்தார். எல்லா ஆவணங்களிலும் வரும் சொல்லுக்கு எடை குறைவு, சில ஆவணங்களில் மட்டும் வரும் சொல்லுக்கு எடை அதிகம். 'புரோகிராம்', 'பீரியாடிக்' என்ற இரண்டு சொற்களைக் கொடுத்தால் முதல் சொல் எங்கும் இருக்கும், இரண்டாவது சொல்லே நம் தேவையைக் காட்டும். இன்றைய தேடுபொறிகளின் அடிப்படைகளில் இதுவும் ஒன்று.

முனையத்தில் தட்டச்சு செய்யத் தயங்குவோர் சினாப்டிக் என்ற சாளர மென்பொருளைத் திறக்கலாம். மேற்சொன்ன சொல்லடைவு நிறுவப்பட்டிருந்தால் அதன் மேற்பட்டையில் விரைவுத் தேடல் பெட்டி ஒன்று இருக்கும். அதில் எழுத எழுதப் பட்டியல் சுருங்கிக்கொண்டே வரும்.

3. பட்டியலைக் கோப்பாக்கித் தேடுதல். புதிதாக எதையும் நிறுவ இயலாத கணினிகளுக்கு இது ஏற்றது. 'ஏபிடி-கேஷ் சர்ச்' என்று எழுதி, இடைவெளி விட்டு ஒரு முற்றுப்புள்ளி வைத்தால் எல்லாப் பொதிகளும் வரும், ஒரு வரிக்கு ஒரு பெயரும் சுருக்க விளக்கமுமாக. அதன் பின் > குறி இட்டு ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால் பட்டியல் முழுவதும் அக்கோப்பில் சேமிக்கப்படும். அளவு சில எம்பிதான், பென்டிரைவில் எடுத்துச் செல்லலாம். அக்கோப்பில் 'கிரெப்' கட்டளையால் தேடலாம். அதனுடன் ஒரு சிறுகோடும் டபிள்யூ எழுத்தும் சேர்த்தால் முழுச்சொல்லாக மட்டும் தேடும். 'அயான்' இரைச்சல் இதிலும் நின்றுவிடும். இதுவும் வரிசைமுறைத் தேடல்தான். ஆனால் நீண்ட விளக்கங்கள் இல்லாத சிறிய கோப்பு என்பதால் விரைவாக முடிகிறது.

4. கோப்பை வைத்துப் பொதியைத் தேடுதல். சில நேரம் ஒரு மென்பொருள் 'இந்தக் கோப்பைக் காணவில்லை' என்று சொல்லி நின்றுவிடும். அக்கோப்பு எந்தப் பொதியில் இருக்கிறது என்று அறிய 'ஏபிடி-ஃபைல் சர்ச்' உதவும். இதற்கான பட்டியலை முதலில் 'ஏபிடி-ஃபைல் அப்டேட்' என்று கொடுத்து இறக்க வேண்டும். நம் கணினியில் ஏற்கெனவே உள்ள கோப்பு எந்தப் பொதியைச் சேர்ந்தது என்று அறிய 'டிபிகேஜி' கட்டளையுடன் ஒரு சிறுகோடும் பெரிய எஸ் எழுத்தும் போதும். மதிப்பெண் பட்டியலை எந்த அடைவில் வைத்தோம் என்று மறந்துவிட்டால் 'பிலொகேட்' கைகொடுக்கும். இது கோப்புப் பெயர்களை மூன்று மூன்று எழுத்துத் துண்டுகளாக்கி, அத்துண்டுகளுக்குச் சொல்லடைவு தயாரிக்கிறது. ஆகையால் பெயரின் நடுப்பகுதி மட்டும் நினைவில் இருந்தாலும் கண்டுபிடித்துவிடும்.

ஒன்றை மறக்கக் கூடாது. சொல்லடைவு தயாரித்த பிறகு சேர்ந்தவை அதில் இருக்காது. பட்டியலைப் புதுப்பித்தபின் 'அப்டேட்-ஏபிடி-சேப்பியன்-இண்டெக்ஸ்' என்ற கட்டளையால் சொல்லடைவையும் புதுப்பிக்க வேண்டும். பிலொகேட்டுக்கு 'அப்டேட்-டிபி', இதை இடையில் சிறுகோடு இல்லாமல் ஒரே சொல்லாக எழுத வேண்டும். இவற்றை இயக்க நிர்வாகி கடவுச்சொல் தேவைப்படும்.

தமிழில் நினைக்கும் குழந்தை எதைத் தேடும்?

கருவி வேகமாகிவிட்டது. ஆனால் அரசுப் பள்ளி மாணவருக்கு இன்னொரு தடை இருக்கிறது. பொதிகளின் விளக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ்வழியில் படிக்கும் மாணவர் 'கோணம்' என்று நினைப்பார், 'ஜியாமெட்ரி' என்று தட்டச்சு செய்ய வேண்டும். எவ்வளவு விரைவான கருவியும் தவறான சொல்லுக்குச் சரியான விடை தராது.

எங்கள் பகுதி ஆரணிப் பட்டுக்குப் பெயர்பெற்ற நெசவு வட்டாரம். தறி உள்ள வீடுகளிலிருந்து வரும் மாணவர்கள் நெசவு சார்ந்த மென்பொருள் உண்டா என்று கேட்டார்கள். நெசவைக் குறிக்கும் 'வீவ்' என்ற சொல்லைத் தேடச் சொன்னேன். பெர்ல் என்ற நிரல்மொழியின் ஆவணங்களைக் கோக்கும் 'பாட்-வீவர்' போன்றவை வந்தன. நிரல் எழுதுவோரும் நெசவுச் சொற்களைக் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று மாணவர்களுக்குச் சிரிப்பு. பிறகு, நமக்கு வேண்டியது தறியா, புட்டாவை வரையும் கருவியா என்று பேசினோம். ஒரு மாங்காய்ப் புட்டாவை வரைந்து அதையே வரிசை வரிசையாகப் பரப்ப வேண்டும் என்றார் ஒரு மாணவி. அப்படியானால் தேட வேண்டிய சொல் 'வெக்டர்', 'டிராயிங்'. இங்க்ஸ்கேப் கிடைத்தது. ஒரு வடிவத்தை வரைந்து, வேண்டிய இடைவெளியில் படியெடுத்துப் பரப்பும் வசதி அதில் இருக்கிறது. தேடுவதற்கு முன், நமக்கு வேண்டியது என்ன, அதை மற்றவர்கள் எந்தச் சொல்லால் சொல்வார்கள் என்று கேட்கப் பழகுவதுதான் உண்மையான தேடல் கல்வி.

அதனால் ஒவ்வொரு பள்ளியும் பாடவாரியாக ஒரு சொற்பட்டியல் தயாரிப்பது நல்லது. எங்கள் ஆய்வகச் சுவரில் உள்ள பட்டியலிலிருந்து சில வரிகள்:

வேதியியல், தனிம அட்டவணை – கெமிஸ்ட்ரி, பீரியாடிக் டேபிள் (கால்சியம்)
வடிவியல், கோணம் – ஜியாமெட்ரி (ஜியோஜீப்ரா)
நிலவரைபடம் – ஜியாகிரஃபி, மேப் (கேஜியாகிரஃபி)
விண்மீன், கோள் – ஸ்கை, பிளானட்டேரியம் (ஸ்டெல்லேரியம்)
எண் விளையாட்டு – மேத், கேம் (டக்ஸ்மேத்)
தொடக்க வகுப்பு – எஜுகேஷன், சில்ட்ரன் (ஜிகாம்ப்ரி, டக்ஸ்பெயின்ட்)

சுவரில் ஆங்கிலச் சொற்கள் ஆங்கில எழுத்திலேயே உள்ளன. மாணவர்கள் பார்த்துத் தட்டச்சு செய்துகொள்கிறார்கள்.

தமிழ்த் தேடலுக்கு இன்னொரு தேவையும் உண்டு. நெசவு, நெசவில், நெசவுக்கு, நெசவாளர் என்று நம் சொற்கள் உருபேற்று நிற்கின்றன. தேடும் கருவி இவற்றின் அடிச்சொல்லை அறிய வேண்டும். ஆங்கிலத்திற்கு மார்ட்டின் போர்ட்டர் 1980-இல் இதற்கொரு விதித்தொகுப்பை வெளியிட்டார். அவர் பின்னர் உருவாக்கிய ஸ்நோபால் என்ற கட்டற்ற தொகுப்பில் இன்று தமிழுக்கான விதிகளும் இடம்பெற்றிருக்கின்றன. எனவே வேற்றுமை உருபுகளை நடத்தும் தமிழாசிரியர், இது தேடுபொறிக்கும் பயன்படும் இலக்கணம் என்று மாணவரிடம் தயங்காமல் சொல்லலாம்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

தொடக்க வகுப்பு: மாணவர் பெயர் எழுதிய அட்டைகளைக் கலைத்து வைத்து ஒரு பெயரை எடுக்கச் சொல்லுங்கள். பிறகு அகரவரிசையில் அடுக்கி மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள். எத்தனை அட்டைகளைப் பார்க்க நேர்ந்தது என்று குழந்தைகளே எண்ணட்டும்.

நடுநிலை வகுப்பு: ஒருவர் 1 முதல் 1000 வரை ஓர் எண்ணை நினைத்துக்கொள்ள, மற்றவர்கள் 'இதைவிடப் பெரியதா?' என்ற கேள்வியை மட்டும் கேட்க வேண்டும். நடுவில் பிரித்துக் கேட்டால் பத்துக் கேள்விகளில் விடை கிடைத்துவிடும்.

உயர்நிலை, மேல்நிலை வகுப்பு: ஒரு பாடத்தின் பக்கங்களை மாணவர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, முக்கியச் சொற்களை எழுதச் சொல்லிச் சொல்லடைவு தயாரியுங்கள். 'நீர்' 3, 7, 12-ஆம் பக்கங்களிலும், 'வெப்பம்' 7, 9, 12-ஆம் பக்கங்களிலும் வருகின்றன என்று கொள்வோம். இரண்டும் சேர்ந்து வரும் பக்கங்கள் எவை? 7, 12. இரண்டு சொற்களைக் கொடுத்துத் தேடும்போது கணினி செய்வது இந்த வெட்டுக்கணம்தான். கணங்கள் பாடத்திற்கு இதைவிட உயிருள்ள எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

ஆசிரியர்கள் செய்யக்கூடியது

பாடவேளையில் தேட வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் மாலை அரைமணி நேரம் ஒதுக்கி அடுத்த வாரப் பாடங்களுக்கான மென்பொருள்களைத் தேடி, விளக்கத்தை முழுதாகப் படித்து, நிறுவி, ஒருமுறை இயக்கிப் பாருங்கள். பதிவேடு ஒன்றில் பாடம், தேடிய சொல், கிடைத்த பொதி, வகுப்பு ஆகிய நான்கையும் எழுதிவையுங்கள். நிறுவும் பொறுப்பை ஆய்வகப் பொறுப்பாசிரியரே வைத்துக்கொள்ள வேண்டும். மாணவர்கள் தேடட்டும், பட்டியலிடட்டும். அதிகாரப்பூர்வக் களஞ்சியத்தில் உள்ளவற்றை மட்டும் நிறுவுங்கள்.

பதிவேட்டில் ஐம்பது வரிகள் சேர்ந்ததும் குறுவள மையக் கூட்டத்தில் பக்கத்துப் பள்ளிகளுடன் பகிர்ந்துகொள்ளுங்கள். பத்துப் பள்ளிகள் சேர்த்தால் ஐந்நூறு வரிகள். நம் பாடநூலின் தமிழ்ச்சொற்களிலிருந்து நேராக மென்பொருளுக்குக் கூட்டிச் செல்லும் சொல்லடைவு அப்படித்தான் உருவாகும். அதை நமக்காக வேறு யாரும் தயாரித்துத் தரப்போவதில்லை.